ஏ அனுமதிப்பத்திரத்துக்கான ஸ்கைடைவிங் பயிற்சி: குதிக்கக் குதிக்கப் பயம் கூடுவது இயல்பா?

மஸ்கெலியாக்காரன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். துபாயில் ஒரு ஹோட்டலின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்யும் நான், சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசைக் கொண்டு அங்குள்ள பயிற்சி நிலையமொன்றில் ஸ்கைடைவிங் பழகி வருகிறேன். பயிற்றுநர் துணையின்றிக் குதிக்க அனுமதிக்கும் முதற்படியான ஏ அனுமதிப்பத்திரம் பெற வேண்டும் என்பதே நோக்கம். அதற்கான ஏ.எஃப்.எஃப். (Accelerated Freefall, பயிற்றுநர் துணையோடு முதலிலிருந்தே தடையின்றி விழுந்து பழகும் முறை) பயிற்சியில், இரண்டு பயிற்றுநர்கள் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு நம்மோடு சேர்ந்து குதிக்கும் ஆரம்பக் கட்டங்களைத் தேறிவிட்டேன். அடுத்த கட்டத்தில் ஒருவர் மட்டுமே கூட வருவார். நான் நிலையாக விழுவதைப் பார்த்ததும் அவரும் கையை விட்டுவிடுவார்.

முதல் தடவை குதித்தபோது எனக்குப் பெரிதாகப் பயம் வரவில்லை. என்ன நடக்கிறது என்று புரிவதற்கு முன்பே பரசூட் விரிந்துவிட்டது. ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் பயம் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. குதிப்பதற்கு முதல் நாள் இரவு தூக்கம் வருவதில்லை. விமானம் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது நாக்கு வறண்டு, பயிற்றுநர் கேட்கும் கேள்விகள் எங்கோ தூரத்தில் இருந்து வருவதைப் போலக் கேட்கின்றன. கதவு திறந்ததும் உள்ளே வரும் குளிர்காற்று முகத்தில் பட்டால் கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லை என்பதைப் போல ஆகிவிடுகிறது. வியப்பு என்னவென்றால், வெளியேறிய மறு விநாடியே அத்தனையும் போய்விடுகிறது; செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்து இறங்கிவிடுகிறேன்.

இப்போது விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கிறேன். திரும்பிப் போய்க் குதிக்கும்போது கடைசியாகக் குதித்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருக்கும். இந்த இடைவெளியில் பயம் இன்னும் வளர்ந்துவிடும் என்று தோன்றுகிறது. இது எல்லோருக்கும் வருவதுதானா, அல்லது இந்த விளையாட்டு எனக்கு ஒத்துவராது என்பதன் அறிகுறியா? பயிற்சி நிலையமோ கருவிகளோ இல்லாத இந்தத் தோட்டத்தில் இருந்துகொண்டு நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? அம்மாவுக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதுவும் மனத்தில் ஒரு பாரமாக இருக்கிறது.

ஊவாக்காற்று எழுதுகிறார்:

தம்பி, பண்டாரவளையைச் சொந்த ஊராகக் கொண்ட நான் இப்போது மெல்பேர்னில் வசிக்கிறேன். அங்கேயே பயிற்சி பெற்று ஏ பத்திரம் எடுத்துப் பல ஆண்டுகளாகக் குதித்து வருகிறேன். நாட்டுக்கு நாடு கட்டங்களின் பெயர்களும் எண்ணிக்கையும் சிறிது மாறுமே தவிர, நீங்கள் விவரிக்கும் பயம் எங்கும் ஒன்றுதான். முதல் குதிப்பைவிட இரண்டாவதும் மூன்றாவதும் கடினமாக இருந்தன என்று சொல்லும் மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை மூளைக்கு எதைக் கண்டு பயப்படுவது என்றே தெரியாது. அதற்குப் பழக்கமில்லாத ஓசையும் வேகமும் ஒரே நேரத்தில் வந்து மோதுவதால், பலருக்கு அந்தக் குதிப்பின் பாதி நினைவில்கூட நிற்பதில்லை. பிறகுதான் என்னென்ன தவறாகப் போகலாம் என்பதை வகுப்பறையில் படித்ததும், கதவின் விளிம்பில் நின்றதும் மனத்தில் ஒன்று சேர்கின்றன. ஆகவே, விவரம் தெரிந்தவனுக்கு வரும் பயம் இது. ஒத்துவராது என்பதற்கான அறிகுறியாக இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

1960களில் வால்டர் ஃபென்ஸ், சீமோர் எப்ஸ்டைன் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் பரசூட் குதிப்பவர்களின் இதயத் துடிப்பு, சுவாசம் போன்றவற்றை அளந்து ஆராய்ந்தார்கள். புதியவர்களுக்குப் பதற்றம் குதிக்கும் கணம் வரைக்கும் ஏறிக்கொண்டே போனது. அனுபவம் உள்ளவர்களுக்கோ அது முன்கூட்டியே உச்சத்தைத் தொட்டு, குதிக்கும் நேரம் நெருங்க நெருங்கக் குறைந்தது. அதாவது அனுபவசாலிக்கும் பயம் வருகிறது. அது வரும் நேரம்தான் மாறிவிடுகிறது. அந்த மாற்றம் நமக்குள்ளும் ஏற்பட வேண்டுமென்றால், கதவடியில் வரும் பயத்தை நிலத்திலேயே சந்தித்து முடித்துவிடப் பழக வேண்டும். ஊரில் இருக்கும் இந்த விடுமுறை அதற்கு நல்ல வாய்ப்பு என்றே நான் சொல்வேன்.

முதலில், உங்கள் பயம் எதைப் பற்றியது என்று ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். பரசூட் விரியாமல் போய்விடுமோ என்பது ஒரு பயம், கட்டுப்பாடு இழந்து சுழன்றுவிடுவோமோ என்பது வேறொரு பயம், தரையிறங்கும்போது கால் முறிந்துவிடுமோ என்பது இன்னொன்று. இவை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

விரியாமல் போவதைப் பற்றிச் சொன்னால், உங்கள் முதுகில் இருப்பது ஒரு பரசூட் அல்ல, இரண்டு. அவசரத்துக்கான ரிசர்வ் பரசூட்டைத் தகுதிச் சான்று பெற்ற ரிக்கர் (பரசூட் மடித்துப் பராமரிப்பவர்) ஒருவர்தான் மடித்து முத்திரையிட வேண்டும். அமெரிக்க விதிப்படி, பயன்படுத்தாவிட்டாலும் 180 நாட்களுக்குள் அதைப் பிரித்துச் சோதித்து மீண்டும் மடிக்க வேண்டும். நீங்கள் மயங்கிவிட்டாலும் உயரத்தையும் வேகத்தையும் தானே கணித்து ரிசர்வைத் திறந்துவிடும் சிறு கருவி ஒன்றும் மாணவர்களின் பையில் இருக்கும். ஜெர்மனியில் உருவாகி 1991 ஆம் ஆண்டு வெளிவந்த சைப்ரெஸ் அந்த வகையைச் சேர்ந்தது. வேகமாக விழுந்துகொண்டிருப்பவர் ஏறத்தாழ 750 அடிக்கு வந்துவிட்டால் அது செயற்படும். ஆனால் அதை நம்பிக் குதிக்கக்கூடாது. நம் கை செய்ய வேண்டியதை நம் கைதான் செய்ய வேண்டும். அமெரிக்கப் பரசூட் சங்கத்தின் கணக்குப்படி 2023 ஆம் ஆண்டில் அந்நாட்டில் நடந்த ஏறத்தாழ 36.5 இலட்சம் குதிப்புகளில் 10 பேர் உயிரிழந்தார்கள். ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காயங்களில் பெரும்பாலானவை சரியாக விரிந்த பரசூட்டோடு தரையிறங்கும்போது ஏற்படுகின்றன என்பதை மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள். கதவைப் பற்றி இரவெல்லாம் யோசிப்பவர், 1,000, 600, 300 அடிகளில் எப்படித் திரும்பி எப்படி இறங்க வேண்டும் என்பதைப் பற்றிப் பத்து நிமிடம்கூட யோசிப்பதில்லை. உங்கள் கவலையில் ஒரு பங்கை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள். அது பயனுள்ள கவலை.

இனி வீட்டில் செய்யக்கூடியது. இஸ்தோப்பில் ஒரு வாங்கைப் போட்டு, அதில் வயிறு படும்படி குப்புறப் படுத்து, இடுப்பை அழுத்தி, தலையை நிமிர்த்தி, கைகளையும் கால்களையும் விரித்து ஆர்ச் நிலைக்கு வாருங்கள். பிள்ளைகள் வந்து சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கைத்தொலைபேசியில் நேரத்தை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, கதவிலிருந்து பரசூட் திறப்பது வரை முழுக் குதிப்பையும் அதற்கு ஆகும் நேரத்திலேயே மனத்தில் ஓட்டிப் பாருங்கள். 13,000 அடியில் வெளியேறி 5,500 அடியில் திறப்பதற்கு ஏறத்தாழ 45 விநாடிகள் ஆகும். பதற்றம் உள்ளவர்கள் இதை மனத்தில் பத்து விநாடியில் ஓட்டி முடித்துவிடுவார்கள், அதனால்தான் வானத்தில் நேரம் போதாததைப் போல உணர்கிறார்கள். உண்மையில் 45 விநாடி என்பது நீண்ட நேரம். அடிவானத்தைப் பார்க்கலாம், உயரமானியைப் பார்க்கலாம், பயிற்றுநரின் கைச்சைகையைப் பார்க்கலாம், மூச்சும் விடலாம்.

உயரங்களை மனத்தில் பதிக்க நான் கையாண்ட வழி நம் ஊர்க்காரருக்கு எளிது. திறக்க வேண்டிய 5,500 அடியை நானுஓயா ரயில் நிலையம் என்று வைத்துக்கொண்டேன். அதன் உயரம் அதற்குச் சற்றுக் குறைவு. அங்கிருந்து ரயில் கீழே இறங்கி, 4,100 அடிக்கு மேலே இருக்கும் ஹட்டனைத் தாண்டி, நாவலப்பிட்டியை எட்டுவதற்கு முன்பே 2,500 அடி வந்துவிடும். பரசூட் சரியில்லை என்றால் அதை வெட்டிவிட்டு (கைப்பிடியை இழுத்துக் கழற்றிவிட்டு) ரிசர்வைத் திறக்கும் முடிவை மாணவர் அந்த உயரத்துக்குள் எடுத்திருக்க வேண்டும். நாவலப்பிட்டி வரை யோசித்துக்கொண்டிருக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். (உயரமானி காட்டுவது தரையிலிருந்து உள்ள உயரத்தை, கடல் மட்டத்திலிருந்து அல்ல என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.)

கம்பளை வாசகர் எழுதுகிறார்:

நான் குதித்தவன் அல்லன். இருந்தாலும் ஒரு யோசனை. அம்புலுவாவக் கோபுரத்தின் வெளிப்புறப் படிகளில் உச்சி வரை ஏறி இறங்கிப் பாருங்கள். மேலே போகப் போகப் படி ஒடுங்கி, எதிரே வருபவருக்கு வழிவிடுவதே பெரும்பாடாக இருக்கும். ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற செங்குத்துப் பாறைக்குப் போய் விளிம்பருகே நின்று கீழே பார்த்துப் பழகினாலும் உயரத்தைப் பற்றிய பயம் தெளிந்துவிடும் அல்லவா?

ஊவாக்காற்று எழுதுகிறார்:

அன்புள்ள கம்பளை வாசகருக்கு, நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் இது வேறு, அது வேறு. கோபுரத்திலோ பாறை விளிம்பிலோ நிற்கும்போது நம் காலடியில் இருந்து கீழே வரை கண்ணுக்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறது. சுவரும் மரமும் சிறுத்துக்கொண்டே போவதை வைத்து மூளை ஆழத்தை அளந்து எச்சரிக்கிறது. 13,000 அடியில் அந்தத் தொடர்ச்சி இல்லை. நிலம் விரித்து வைத்த வரைபடமாகத் தெரியும். உயரம் என்ற உணர்வே பலருக்கு வருவதில்லை. நான் இன்றைக்கும் கூரை ஏறிப் பீலியைத் துப்புரவு செய்ய ஏணியில் நிற்கத் தயங்குபவள். இப்படிப்பட்டவர்கள் எங்கள் குழுவில் இன்னும் சிலர் உண்டு.

ஆகவே அம்புலுவாவவுக்குப் போவதென்றால் காட்சியைப் பார்க்கப் போங்கள். உலக முடிவில் விளிம்புக்கு மிக அருகில் போக வேண்டாம். அங்கே முதுகில் பரசூட் இருக்காது.

ஹட்டன் தாதி எழுதுகிறார்:

இந்தத் துறையைப் பற்றி எனக்குத் தெரியாது; மருந்துகளைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. தூக்கம் வரவில்லை, நடுக்கமாக இருக்கிறது என்று சொல்லும் நண்பர்களுக்கு, யாருக்கோ எழுதிக்கொடுத்த டயசிபாம் போன்ற மாத்திரையில் ஒன்றைக் கொடுத்து உதவும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. குதிப்பதற்கு முன்னால் அப்படிப்பட்ட எதையும் தொடவே வேண்டாம். பதற்றத்தைக் குறைக்கும் அதே மருந்து கையின் வேகத்தையும் நினைவாற்றலையும் மந்தமாக்கும். இதயத் துடிப்பைத் தணிக்கும் புரொப்ரனலோலும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானது. ஏதேனும் மருந்தை நிரந்தரமாக எடுப்பவராக இருந்தால் அதை வைத்தியரிடமும் பயிற்றுநரிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, தடிமன். மலைநாட்டுக் குளிரிலிருந்து போகும் உங்களுக்கு அது எளிதில் வரலாம். மூக்கு அடைத்திருக்கும்போது வேகமாகக் கீழே இறங்கினால் காதிலும் நெற்றியிலும் கடும் வலி உண்டாகும். செவிப்பறையில் காயமும் ஏற்படலாம். அதற்காகப் பிரிட்டோன் (Piriton) என்ற தடிமன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனால் தூக்கக் கலக்கம் வரும். தடிமன் என்றால் அன்றைக்குக் குதிக்காமல் இருப்பதே நல்லது. வெறும் வயிற்றோடு போவதும் சரியல்ல. குமட்டலும் நடுக்கமும் பசியாலேயே கூடும். இலேசாக ஏதாவது சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள். பிளேன்டீயை இரண்டு மூன்று கோப்பையாகக் குடித்துவிட்டு நெஞ்சு படபடக்கிறது என்று சொன்னால் அந்தப் படபடப்பில் ஒரு பங்கு தேயிலையுடையது.

மஸ்கெலியாக்காரன் எழுதுகிறார்:

அக்காமார் இருவருக்கும் கம்பளை அண்ணாவுக்கும் நன்றி. கொப்பியில் எழுதிப் பார்த்தேன். பரசூட் விரியாது என்ற பயம் எனக்கு மிகக் குறைவு என்பது எழுதிய பிறகுதான் புரிந்தது. எனக்கு இருப்பது இரண்டு. ஒன்று, கதவு. மற்றது, பயிற்றுநர் கையை விட்டபின் நான் சுழலத் தொடங்கி, கட்டத்தைத் தவறவிட்டு, திரும்பவும் பணம் கட்டிச் செய்ய வேண்டி வருமோ என்பது. ஒரு கட்டத்தைத் திரும்பச் செய்வதென்றால் வீட்டுக்கு அனுப்பும் காசில்தான் கைவைக்க வேண்டும். உயிர்ப்பயத்தைவிட இதுதான் என்னை அதிகமாக அலைக்கழிக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

லிந்துலை எழுதுகிறார்:

வெட்கப்பட ஒன்றும் இல்லை, தம்பி. நானும் வளைகுடாவில் வேலை செய்த காலத்தில்தான் பத்திரம் எடுத்தேன். காசைப் பற்றிய கவலை எனக்கும் இருந்தது. இங்கே திரும்பிய பின் குதிப்பதற்கு வழியில்லாமல் பத்திரம் அலுமாரியில் கிடக்கிறது, அது வேறு கதை.

காசைப் பற்றி முதலில் சொல்கிறேன். ஒரு கட்டத்தையோ இரண்டையோ திரும்பச் செய்ய வேண்டிவரும் என்று தொடக்கத்திலேயே கணக்குப் போட்டு அந்தத் தொகையை ஒதுக்கி வையுங்கள். ஒதுக்க முடியவில்லை என்றால் இன்னும் சில மாதம் பொறுத்துச் சேர்த்துக்கொண்டு தொடருங்கள். இந்தத் தடவை தேறியே ஆக வேண்டும் என்ற நெருக்கடியோடு விமானத்தில் ஏறுபவனின் உடம்பு விறைத்துப் போகும். விறைத்த உடம்புதான் வானத்தில் சுழலும். ஒரு முழங்கால் மற்றதைவிடக் கொஞ்சம் தாழ்ந்தாலோ ஒரு கை விறைத்துக் கீழே போனாலோ காற்று அந்தப் பக்கம் திருப்பிவிடும். பயிற்றுநர் கையைக் குலுக்கிக் காட்டும் சைகை உங்களுக்கு நினைவிருக்கும். உடம்பைத் தளர்த்து என்பதுதான் அதன் பொருள். இரண்டு விரல்களை நீட்டிக் காட்டினால் காலை நீட்ட வேண்டும். இஸ்தோப்பு வாங்கில் பயிற்சி செய்யும்போது வீட்டில் யாரையாவது முன்னால் உட்காரவைத்து இந்தச் சைகைகளைத் திடீர் திடீரென்று காட்டச் சொல்லுங்கள்.

அப்படியும் சுழன்றுவிட்டால் என்ன செய்வது என்பதற்கு உங்கள் பாடத்திலேயே விடை இருக்கிறது. கட்டுப்பாடு போய்விட்டால் உயரத்தைப் பார்த்து, ஆர்ச் செய்து, தளர வேண்டும். ஐந்து விநாடிக்குள் நிலைக்கு வரவில்லை என்றால் அந்த உயரத்திலேயே பரசூட்டைத் திறந்துவிட வேண்டும். நான் இந்த ஐந்து விநாடி விதியை மனத்தில் ஊறவைத்த பிறகுதான் எனக்குச் சுழலைப் பற்றிய பயம் விட்டது. இன்ன நேரத்தில் இன்னதைச் செய்வேன் என்று தெரிந்துவிட்டால் அது வெறும் வேலையாகிவிடுகிறது. வெட்டிவிடும் பயிற்சியும் அப்படித்தான். வலப்பக்கச் சிவப்புக் கைப்பிடியைப் பார், பிடி, இடப்பக்க வெள்ளிக் கைப்பிடியைப் பார், சிவப்பை இழு, வெள்ளியை இழு, ஆர்ச். சிவப்பு பழுதான பரசூட்டைக் கழற்றும், வெள்ளி ரிசர்வைத் திறக்கும். பழைய சட்டையொன்றில் அந்த இரண்டு இடங்களிலும் இரண்டு துணித்துண்டுகளை ஊசியால் குத்திவைத்து, கை தானாகப் போகும் வரை செய்யுங்கள். ஆனால் உங்கள் நிலையத்துக் கருவியின் அமைப்பு எப்படி என்பதைப் பயிற்றுநரிடம் உறுதி செய்துகொண்டு அந்த முறையிலேயே பழகுங்கள். கை ஒரு தடவை தவறாகப் பழகிவிட்டால் மாற்றுவது கஷ்டம்.

இனிக் கதவு. கதவைப் பற்றி நினைக்காதே என்று சிலர் சொல்வார்கள், அது நடக்காது. கதவடியில் செய்ய வேண்டிய வேலையை நினையுங்கள். பயிற்றுநரைப் பார்த்து “செக் இன்”, வெளியே பார்த்து “செக் அவுட்”, பிறகு “அப், டவுன், ஆர்ச்” என்று சொல்லும் அந்த ஒழுங்கு சும்மா வைக்கப்பட்டதல்ல. பயிற்றுநரோடு ஒரே தாளத்தில் வெளியேற அது தேவை. கூடவே, பயத்துக்கு இடம் கொடுக்காமல் நாக்கையும் கழுத்தையும் கண்ணையும் அது வேலையில் மாட்டிவிடுகிறது. வாய்க்குள் முணுமுணுக்காமல் உரக்கச் சொல்லுங்கள். உரக்கச் சொல்ல வேண்டுமென்றால் மூச்சை வெளியே விட்டே ஆக வேண்டும். பயந்தவன் செய்யும் முதல் காரியம் மூச்சைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான். வீட்டு வாசற்படியையே கதவாக வைத்து இதைச் செய்து பாருங்கள்.

விமானம் ஏறும்போதும் சும்மா உட்கார்ந்திருக்காதீர்கள். மூக்கால் மெதுவாக மூச்சை எடுத்து, எடுத்ததைவிட நீண்ட நேரம் எடுத்து வாயால் விடுங்கள். ஓரிரு நிமிடம் செய்தாலே நாடி இறங்குவதை உணரலாம். குளிர்காற்றைப் பற்றியும் சொன்னீர்கள். 13,000 அடியில் தரையைவிட ஏறத்தாழ 25 பாகை குளிர் கூடுதலாக இருக்கும். பாலைவன வெயிலில் நின்றுவிட்டு ஏறியவனுக்கு அது அதிர்ச்சியாகத்தான் இருக்கும். நடுக்கத்தில் பாதி குளிரால் வருவது என்று தெரிந்தால் அதைப் பயம் என்று நினைத்து மேலும் பயப்பட வேண்டியதில்லை.

கடைசியாக, குதிக்காமல் விமானத்தோடு இறங்கும் உரிமை உங்களுக்கு எப்போதும் உண்டு. என் வகுப்பில் ஒரு பெண் அப்படி இறங்கினாள். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. இதற்கு முன்பு வேறோர் இடத்தில், என்னைப் போன்ற மாணவர்களைக் கேலி செய்து விரட்டிக் கதவுக்குத் தள்ளும் ஒரு பயிற்றுநரிடம் கொஞ்ச நாள் இருந்தேன். அங்கிருந்து விலகியதற்காக இன்றுவரை வருந்தவில்லை. உங்கள் பயிற்றுநரிடம் இங்கே எழுதியதை அப்படியே சொல்லுங்கள். நல்ல பயிற்றுநராக இருந்தால், பயமே இல்லை என்று சொல்லும் மாணவனைப் பற்றித்தான் அவர் கவலைப்படுவார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கொட்டகலை எழுதுகிறார்:

எல்லோரும் வானத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி கடைசியில் எழுதிய ஒரு வரியை யாரும் தொடவில்லை. வெயிலிலும் மழையிலும் கொழுந்து எடுத்துப் பிள்ளையை வளர்த்த தாய்க்கு, பிள்ளை சம்பாதித்த காசைக் கட்டி விமானத்திலிருந்து குதிக்கிறான் என்று கேட்டால் நெஞ்சு பதறத்தான் செய்யும். எனக்கும் இதில் உடன்பாடு குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும், மறைத்துச் செய்வதால் உங்கள் பயம் இரட்டிப்பாகிறது என்று நினைக்கிறேன். இரவில் தூக்கம் கெடுவதற்கு, எனக்கு ஏதாவது நடந்தால் அம்மாவுக்கு யார் எப்படிச் சொல்வார்கள் என்ற கேள்வியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கையில் இருக்கும் விடியோவைக் காட்டிச் சொல்லுங்கள். இரண்டு பரசூட் இருப்பதையும், கூடவே ஆசிரியர் வருவதையும் சொல்லுங்கள். ஏசுவார், அழுவார், இரண்டு நாள் பேசாமல் இருப்பார். நீங்கள் ஊரில் இருக்கும்போதே அது நடந்து முடிவது நல்லது. புறப்படும் முதல் நாளோ, துபாயிலிருந்து தொலைபேசியிலோ சொல்லாதீர்கள். அதோடு, உங்கள் காப்புறுதி இந்த விளையாட்டில் ஏற்படும் காயத்துக்குச் செல்லுபடியாகுமா என்பதையும் பார்த்து வையுங்கள். பல காப்புறுதிகளில் இவ்வகை விளையாட்டுகள் விலக்கப்பட்டிருக்கும்.

மஸ்கெலியாக்காரன் எழுதுகிறார்:

ஐயா, உங்கள் ஊகம் சரி. இந்தக் கிழமையே சொல்லிவிடுகிறேன். வாசற்படியில் உரக்கச் சொல்லிப் பழகினால் அவரே வந்து என்ன என்று கேட்டுவிடுவார் என்றுதான் தோன்றுகிறது.

ஒரு மாத இடைவெளியைப் பற்றி இன்னும் சந்தேகமாக இருக்கிறது. போனவுடன் நேராக அடுத்த கட்டத்துக்கே ஏற்றிவிடுவார்களா?

ஊவாக்காற்று எழுதுகிறார்:

அமெரிக்கப் பரசூட் சங்கத்தின் பாடத்திட்டத்தில், 30 நாட்களுக்கு மேல் குதிக்காத மாணவர் மறுபயிற்சி பெற்று, பயிற்றுநரோடு நினைவூட்டல் குதிப்பு ஒன்றைச் செய்த பிறகுதான் தொடர வேண்டும். இதைத் தண்டனையாக நினைக்காதீர்கள். ஏற்கெனவே தெரிந்த வேலையை மீண்டும் ஒரு தடவை செய்துவிட்டு, பிறகு பயிற்றுநர் கையை விடும் கட்டத்துக்குப் போகும் வாய்ப்பு உங்களைப் போன்றவருக்கு நல்லதுதான். இப்போதே நிலையத்துக்கு மின்னஞ்சல் எழுதி, வந்து சேரும் திகதியையும் கடைசியாகக் குதித்த திகதியையும் சொல்லி, மறுபயிற்சிக்கு இடம் ஒதுக்கித் தரும்படியும், முடிந்தால் முன்பு உங்களோடு குதித்த அதே பயிற்றுநரைத் தரும்படியும் கேளுங்கள். துபாயில் கீழிருந்து வீசும் காற்றில் மிதந்து பழகும் காற்றுச் சுரங்கம் இருக்கிறது; அதில் சில நிமிடம் மிதந்து பழகினால் கையை விட்டபின் வரும் சுழல் பெருமளவு அடங்கும். ஒரு கட்டத்தைத் திரும்பச் செய்யும் செலவைவிட அது பொதுவாகக் குறைவாகவே இருக்கும் என்றாலும் விலையைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னும் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பத்திரம் கிடைப்பதற்குள் மொத்தம் 25 குதிப்புகள் ஆக வேண்டும். அவற்றுள் 5,500 அடியிலிருந்தும் 3,500 அடியிலிருந்தும் வெளியேறி உடனே திறக்க வேண்டிய குதிப்புகளும் உண்டு. அந்த 3,500 அடியில் பழைய பயம் மறுபடியும் எட்டிப் பார்க்கும், ஏனென்றால் வீடுகளும் வாகனங்களும் தெளிவாகத் தெரியும். அப்போது பயிற்சியெல்லாம் வீண்போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

காத்திருப்பும் ஒரு சோதனைதான். மாணவர்களுக்குக் காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீற்றருக்கு மேல் போனால் குதிக்க விடமாட்டார்கள்; கருவியை மாட்டிக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்க நேரும். அந்த நேரத்தில் கைத்தொலைபேசியில் விபத்து விடியோக்களைப் பார்ப்பவர்களின் பக்கத்தில் இருக்காதீர்கள். கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, பரசூட் மடிக்கும் இடத்துக்குப் போய், மடிப்பவர்களுக்குக் கையுதவி செய்து கற்றுக்கொள்ளுங்கள். மடிக்கத் தெரிவதும் ஏ பத்திரத்துக்கான தேவைகளில் ஒன்று என்பதால் அந்த நேரம் எப்படியும் கணக்கில் சேரும்.